சாய்ந்து விழுந்த ஒன்பது துளைகள்

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டை ஒட்டிய எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. தாத்தா காலத்தில் வந்தவர்கள். அந்த வீட்டுப் பையனுக்குப் பதினெட்டு வயது. ஒன்றரை வருடமாக ரைஃபிள் சுடப் பழகுகிறான். போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தவன், கொடுத்த காபியைக்கூடத் தொடாமல் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"கையே நிக்க மாட்டேங்குது மாமா. எப்படிச் சிதறிக் கெடக்குன்னு பாருங்க."

50 மீட்டர் இலக்கு அட்டை. பத்துத் துளைகள். முதல் பார்வைக்குச் சிதறல்தான். விளக்கடியில் பிடித்துப் பார்த்தபோது வேறு விஷயம் தெரிந்தது. இலக்கை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், ஒன்பது துளைகள் பத்து மணிப் பக்கத்திலிருந்து நாலு மணிப் பக்கம் வரை ஒரே சாய்கோட்டில் விழுந்திருந்தன. இடது மேலிருந்து வலது கீழ், ஸ்கேல் வைத்துக் கோடு இழுக்கலாம் போல. பத்தாவது மட்டும் கூட்டத்தில் சேராமல், நடுவுக்கு நேர் கீழே தனியாகக் கிடந்தது.

"கை நடுங்கினா இவ்வளவு ஒழுங்காக் கோடு போடுமா?" என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. கல்லூரியில் என்.சி.சி.யில் பாயின்ட் டூ டூ ரைஃபிளைத் தொட்டதோடு என் வீரம் முடிந்தது என்றாலும், இந்தச் சாய்கோடு எனக்குத் தெரிந்த கோடு. பழைய சுடுநர்கள் இதைக் காற்றின் கையெழுத்து என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவனுக்கு அன்று சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஒலிம்பிக் வரும்போது மட்டும் துப்பாக்கி சுடுதலைப் பார்க்கிற நம்மில் பலருக்கு, அது அசையாமல் படுத்திருப்பவனின் விளையாட்டாகவே தெரிகிறது. வெட்டவெளியில் சுடுகிறவனுக்கு அசையாமல் இருப்பது அரிச்சுவடி. அதற்கப்புறம்தான் காற்று.

முதலில் அளவுகள். 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்து என்ற நடு வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வெளியே போகப் போக, 8 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி குறையும். கடைசி வட்டத்தின் குறுக்களவே 15 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். குண்டின் தடிமன் 5.6 மில்லிமீட்டர். போட்டித் தோட்டாவில் அது குழலை விட்டு வினாடிக்கு ஏறக்குறைய 325 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 0.16 வினாடியில் இலக்கைத் தொடுகிறது. கண் இமைப்பதற்குள் என்றுகூடச் சொல்ல முடியாது. இமைக்க அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். இந்த நேரத்துக்குள் காற்று என்ன செய்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

செய்கிறது. ஆனால் எப்படிச் செய்கிறது என்பதில்தான் பழகியவர்களுக்கும் குழப்பம்.

பையன் மனத்தில் இருந்த படம் ஹூக்ளியைக் குறுக்கே கடக்கும் படகு. நீரோட்டம் இழுக்கும், கரை சேர எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் படகு கீழ்ப்பக்கம் ஒதுங்கும். ஓட்டத்தின் வேகத்தை நேரத்தால் பெருக்கினால் ஒதுங்கிய தூரம். குண்டுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வினாடிக்கு 4 மீட்டர் பக்கக் காற்று என்றால், இலைகளும் சிறு கிளைகளும் விடாமல் ஆடும் காற்று. புயலோ சூறையோ இல்லை. நாலை 0.16ஆல் பெருக்கினால் 64 சென்டிமீட்டர் வருகிறது. இது உண்மையானால் ஒரு குண்டுகூட அட்டையில் படாது. உண்மையில் அந்தக் காற்றில் குண்டு ஒதுங்குவது சுமார் 2 சென்டிமீட்டர். முப்பதில் ஒரு பங்கு.

மீதி எங்கே போயிற்று? படகு ஆற்றின் பிடியிலேயே இருக்கிறது. குண்டு காற்றின் பிடியில் அப்படி இல்லை. சுழன்று பறக்கும் குண்டு, தான் உணரும் காற்றை நோக்கி மூக்கைத் திருப்பிக்கொள்கிறது. எதிரே 325 மீட்டர் வேகத்தில் காற்று அறைகிறது, பக்கத்திலிருந்து 4 மீட்டர் வருகிறது. இரண்டும் சேர்ந்த திசைக்கு மூக்கு மிக மிகச் சிறிதாகத் திரும்புகிறது. பிறகு காற்றின் தடை அதைப் பின்னால் இழுக்கும்போது, இழுப்பு நேர் பின்னால் இல்லாமல் காற்று போகும் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் கிடைக்கும் இழுப்பு முழுக்க இந்தச் சாய்விலிருந்து வருவது. தடை இருந்தால்தான் ஒதுக்கம். தடையே இல்லாத குண்டு என்று ஒன்று இருந்தால், எந்தக் காற்றும் அதை அசைக்காது.

இதை எளிய கணக்காக மாற்றித் தந்தவர் 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு பீரங்கி வல்லுநர் தீதியோன். தடை இல்லாவிட்டால் குண்டு எத்தனை வினாடியில் போய்ச் சேர்ந்திருக்கும், உண்மையில் எத்தனை வினாடியில் சேர்ந்தது, இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடு. அதைக் காற்றின் வேகத்தால் பெருக்கு. ஹௌராவிலிருந்து சென்னை மெயில் ஏறியவர்களுக்கு இதை இப்படிச் சொல்லலாம்: வண்டி குறித்த நேரத்தில் வந்தால் காற்றுக்கு ஒரு பைசா கிடையாது. லேட்டான நேரத்துக்கு மட்டும்தான் காற்று கூலி வாங்கும். நம் குண்டு தடை இல்லாமல் போனால் ஏறக்குறைய 0.154 வினாடி; உண்மையில் 0.159 வினாடிக்குச் சற்று மேல். லேட்டானது ஒரு வினாடியில் இருநூறில் ஒரு பங்கு. அதற்குத்தான் அந்த 2 சென்டிமீட்டர்.

இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் இன்னொரு புதிரும் அவிழும். வேகமான தோட்டாவைப் போட்டால் காற்றை ஏமாற்றிவிடலாம் என்று புதிதாகச் சுடுகிறவர்கள் நினைப்பார்கள். கடையில் வினாடிக்கு 380 மீட்டர் போகும் பாயின்ட் டூ டூ தோட்டாவும் கிடைக்கிறது. அது இலக்கை முன்னதாகவே தொட்டுவிடும். ஆனாலும் காற்றில் அதிகமாக ஒதுங்கும். ஒலியின் வேகத்தை நெருங்கியும் தாண்டியும் போகும் குண்டைக் காற்று மிகக் கடுமையாகத் தடுக்கிறது. விரைவாகக் கிளம்பினாலும் வழியில் இழப்பது அதிகம்; கணக்கில் வருவதோ லேட் மட்டும்தான். போட்டித் தோட்டாக்கள் ஒலியின் வேகத்துக்குக் கீழேயே நிறுத்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். இதைச் சொன்னபோது பையன் நம்பவில்லை. அவனுடைய நண்பன் ஒருவன் சிவப்பு டப்பாவில் வேகத் தோட்டா வாங்கி வைத்துக்கொண்டு பெருமை பேசுகிறானாம்.

காற்றின் தடை இவ்வளவு பெரியது என்று முதலில் அளந்து சொன்னவர் நம் ஊர் மண்ணில் இறந்தவர். பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1742இல் பீரங்கி இயல் பற்றி ஒரு நூல் எழுதினார். ஊசலாடும் கட்டையில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கண்டுபிடிக்கும் உத்தி அவருடையது. வெவ்வேறு தூரத்தில் அளந்தபோது, வேகமான குண்டைக் காற்று தடுக்கும் அளவு அதுவரை யாரும் எண்ணியதைவிடப் பல மடங்கு என்று தெரிந்தது. குண்டு ஏன் விலகுகிறது என்பதற்கும் அவர் ஒரு சோதனை செய்தார். துப்பாக்கிக் குழலின் நுனியை இடது பக்கம் வளைத்து, வழியில் வரிசையாகக் காகிதத் திரைகளைத் தொங்கவிட்டுச் சுட்டார். குண்டு முதலில் இடது பக்கம் போய், பிறகு வளைந்து வலது பக்கம் வந்து விழுந்தது. வளைந்த குழலின் உட்சுவரில் உரசி உருண்டதால் அது சுழன்றபடி வெளியே வந்தது; சுழற்சிதான் அதைத் திருப்பியது. தாறுமாறான சுழற்சியால் வரும் கோளாற்றுக்கு மருந்து ஒழுங்கான சுழற்சி என்று கண்டு, குழலுக்குள் சுருள் பள்ளம் வெட்டிய ரைஃபிளுக்காக அவர் வாதாடினார். வுலிச் ராணுவக் கழகத்தில் பேராசிரியர் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750இல் இந்தியா வந்து, மறு வருடம் ஜூலையில் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் காலமானார். கடலூர் தேவனாம்பட்டினத்தில் மாலையில் காற்று வாங்கப் போகிற யாருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை.

சரி, அட்டைக்கு வருவோம். காற்று பக்கவாட்டில் ஒதுக்கும், ஒப்புக்கொண்டோம். துளைகள் ஏன் படுக்கைக் கோட்டில் விழாமல் சாய்கோட்டில் விழுந்தன?

பம்பரம் சுற்றியவர்களுக்கு விடை கையிலேயே இருக்கிறது. வேகமாகச் சுற்றும் பம்பரத்தின் தலையை விரலால் ஒரு பக்கம் தட்டினால், அது அந்தப் பக்கம் சாயாது. தட்டிய திசைக்குக் குறுக்காக நகரும். குண்டும் பம்பரம்தான், படுத்துக்கொண்டு சுற்றும் பம்பரம். குழலை விட்டு வெளியே வந்ததும் பக்கக் காற்று அதன் மூக்கைத் திருப்பப் பார்க்கிறது. குண்டு பக்கவாட்டில் திரும்பும் அந்தக் கணத்தில் மேலாகவோ கீழாகவோ ஓர் உந்தலும் வாங்கிக்கொள்கிறது. குழலின் சுருள் வலஞ்சுழியாக இருந்தால், வலதிலிருந்து வரும் காற்று குண்டை இடது பக்கமும் சிறிது மேலேயும் கொண்டுபோகும். இடதிலிருந்து வரும் காற்று வலது பக்கமும் சிறிது கீழேயும். மேல்கீழ் விலகல் பக்க விலகலைவிடக் குறைவுதான், ஆனால் 8 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி போகும் இடத்தில் அது பெரிய தொகை. பத்து மணியிலிருந்து நாலு மணி என்ற கோடு இப்படித்தான் பிறக்கிறது. இலக்கைப் பார்த்து இடது வலதாக மட்டும் சைட்டைத் திருப்புகிறவன் பாதிதான் திருத்துகிறான்.

இந்த ஊரில் இதைப் பற்றிப் பேசும்போது ஜாய்தீப் கர்மாகரைத் தவிர்க்க முடியாது. கொல்கத்தாக்காரர், படுத்துச் சுடும் 50 மீட்டர் ரைஃபிள் அவருடைய பந்தயம். 2010இல் சிட்னி உலகக் கோப்பையில் வெள்ளி வாங்கியவர். 2012 ஆகஸ்ட் 3ஆம் தேதி லண்டன் ஒலிம்பிக் இறுதிச் சுற்று நடந்தது. இடம் வுலிச் பீரங்கிப் படை முகாம். ராபின்ஸுக்கு வேலை கொடுக்காத அதே வுலிச். பெலாரஸின் செர்கெய் மார்டினோவ் தகுதிச் சுற்றில் 600க்கு 600 எடுத்து, மொத்தம் 705.5 என்ற உலக சாதனையோடு தங்கம் வென்றார். பெல்ஜியத்தின் லியோனல் காக்ஸ் 701.2, ஸ்லோவேனியாவின் ராய்மோண்ட் டெபெவெட்ஸ் 701.0. கர்மாகர் 699.1, நான்காம் இடம். 70 குண்டுகளுக்கு அப்புறம் வெண்கலத்துக்கும் அவருக்கும் 1.9 புள்ளி. வட்டங்களின் இடைவெளியாகச் சொன்னால் மொத்தம் 15 மில்லிமீட்டர், உங்கள் சுண்டுவிரலின் அகலம். அந்த 15 மில்லிமீட்டரைக் காற்றின் பேரில் எழுத எனக்கு விருப்பமில்லை. காற்று எல்லோருக்கும்தான் வீசுகிறது, மார்டினோவும் அதே வெளியில்தான் சுட்டார். நான் சொல்ல வருவது அளவைத்தான். வினாடிக்கு 1 மீட்டர் காற்று, அதாவது ஊதுபத்திப் புகை சாய்வதைக் கொண்டுதான் கண்டுபிடிக்க முடிகிற காற்று, குண்டை 5 மில்லிமீட்டருக்கு மேல் ஒதுக்கும். 10.9 ஆக விழவேண்டியது 10.3 ஆகும். அப்படி மூன்று நாலு தடவை கவனம் தப்பினால் பதக்கம் போய்விடும்.

ஆடவருக்கான அந்தத் தனிப் பந்தயம் ரியோ 2016க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் கூரைக்கு அடியில் நடப்பது. அங்கே காற்று என்ற எதிரியே கிடையாது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அங்கேதான் தொடங்குகிறார்கள், செலவும் குறைவு. இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் காற்றைப் படிக்கும் படிப்பு தள்ளிப்போகிறது என்பதை மறைக்கவும் முடியாது. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய மூன்று நிலைப் பந்தயம் 50 மீட்டர்தான். அதற்கு முட்டியிட்டும் படுத்தும் நின்றும் சுட வேண்டும், காற்றோடும் மல்லுக்கட்ட வேண்டும். சர்வதேச விதியே 50 மீட்டர் களத்தில் குறைந்தது 45 மீட்டர் வானம் பார்த்துத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. விதி போட்டுக் காற்றை உள்ளே விடும் விளையாட்டு இது.

அதே விதிப்புத்தகம் சுடுநருக்கு ஒரு சலுகையும் தருகிறது: கொடிகள். சுடும் கோட்டிலிருந்து 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும், 5 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் நீளமும் உள்ள துணி நாடாக்கள். சொந்தக் கொடி நடக் கூடாது. இரண்டும் ஒரே பக்கம் ஆடினால் வேலை சுலபம். ஒன்று இடதும் மற்றது வலதுமாக ஆடும்போதுதான் திண்டாட்டம். எதை நம்புவது? கிட்டத்தில் இருப்பதை அதிகம் நம்ப வேண்டும். தொடக்கத்திலேயே திசை மாறிய குண்டு, மீதித் தூரம் முழுக்க அந்தக் கோணத்தைச் சுமந்துகொண்டு போகிறது. இலக்கருகே வீசும் காற்றுக்கு அவ்வளவு அவகாசம் கிடைப்பதில்லை. ஆனால் கண் எப்போதும் இலக்குப் பக்கக் கொடிக்கே ஓடும். இதைப் பழக்கித்தான் மாற்ற வேண்டும். திசையும் முக்கியம்: நேர் பக்கத்திலிருந்து வரும் காற்றுக்கு முழு மதிப்பு, முன்னிருந்தோ பின்னிருந்தோ முப்பது டிகிரி மட்டும் விலகி வருவதற்குப் பாதி மதிப்பு. நேர் எதிர்க்காற்றை 50 மீட்டரில் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் நேர் எதிர்க்காற்று கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று தலையை ஆட்டத் தொடங்கினால், சுடாமல் இருப்பதே மேல்.

வெயில் நாளில் இன்னொரு உதவி உண்டு. கானல். தொலைநோக்கியை இலக்குக்குக் கொஞ்சம் முன்னால் குவித்தால், தரையிலிருந்து எழும் வெப்பம் தெளிந்த நீரோடை போல ஓடுவது தெரியும். இடமிருந்து வலமாக ஓடினால் காற்று அப்படி. உலைநீர் போல நேர் மேலே கொதித்தால் காற்று நின்றுவிட்டது, அல்லது நேர் முன்னோ பின்னோ வீசுகிறது. கொடி அசையாத மெல்லிய காற்றைக்கூடக் கானல் காட்டிக்கொடுக்கும்.

இந்த ஊரின் காற்றுக்கு ஒரு குணம் இருக்கிறது. கோடையில் வங்கக் கடலிலிருந்து தெற்குக் காற்று மாலையில் ஏறி வரும். வங்காளிகள் அதைக் கொண்டாடுவார்கள், நாம் தென்றலைக் கொண்டாடுவது போல. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் தாண்டிச் சில நாள் எல்லாம் அடங்கிப்போகும். இலை அசையாது, புழுங்கும். புதிதாகச் சுடுகிறவன் நல்ல நேரம் என்று மகிழ்வான். வடமேற்கில் வானம் கறுத்திருப்பதைப் பார்த்த பழையவன் ரைஃபிளைக் கீழே வைப்பான். அது கால்பைசாகி என்ற கோடை இடிப்புயல்; வரும்போது தெற்குக் காற்றை அப்படியே திருப்பிப்போட்டுக்கொண்டு வரும். இடையே ஒரு சின்னத் திருத்தம்: புழுக்கத்தில் காற்று கனத்துக் கிடப்பதால் குண்டு மெதுவாகப் போகும் என்று இங்கே பலர் சொல்கிறார்கள். ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது. நீராவியின் மூலக்கூறு நைட்ரஜனைவிடவும் ஆக்சிஜனைவிடவும் எடை குறைந்தது. கனப்பது நமக்குத்தான், குண்டுக்கு இல்லை.

தூரம் கூடும்போது கதை வேறு மாதிரி போகும். இரண்டு மடங்கு தூரத்துக்கு ஒதுக்கம் ஏறக்குறைய நாலு மடங்கு. 1000 கஜத்தில், பெரிய ரைஃபிளின் 7.62 குண்டு ஒன்றரை வினாடி பறக்கிறது. வினாடிக்கு 4.5 மீட்டர் பக்கக் காற்றில் அது ஒதுங்குவது சுமார் 2 மீட்டர். வழியில் அது பார்வைக் கோட்டுக்கு மேலே மூன்று மீட்டருக்கும் அதிகமாக ஏறி இறங்குகிறது. அங்கே வீசும் காற்று தரையோரக் கொடி காட்டும் காற்று இல்லை. விஸ்வகர்மா பூஜையன்று கொல்கத்தா மொட்டைமாடிகளில் பட்டம் விடும் பொடியன்களுக்கு இது நன்றாகத் தெரியும். மாடியில் காற்றே இல்லாதபோதும் பட்டம் மேலே போய்விட்டால் நூல் இழுக்கும். நூல் ஒரே நேர்கோட்டில் நிற்பதில்லை; அந்தந்த உயரத்துக் காற்றைத் தன் வளைவில் எழுதிக்கொண்டே போகிறது.

அவ்வளவு தூரத்தில் குண்டின் சுழற்சியும் தன் பங்குக்கு இழுக்கும். காற்றே இல்லாத நாளிலும் வலஞ்சுழிக் குண்டு வலது பக்கம் நகரும், 1000 கஜத்தில் ஒரு சாண் அளவுக்கு. பூமி சுற்றுவதாலும் விலகல் உண்டு. கொல்கத்தாவின் அட்சரேகையில் கணக்கிட்டால் 4 சென்டிமீட்டர் அளவில் வலது பக்கம். இதையெல்லாம் இப்போது செல்போன் செயலி சொல்லிவிடுகிறது. பையன்கள் பூமியின் சுழற்சியைக் கவலையோடு பேசுகிறார்கள். காற்றை வினாடிக்கு அரை மீட்டர் தப்பாகக் கணித்தால் 20 சென்டிமீட்டருக்கு மேல் தவறு. பூமிச் சுழற்சி மொத்தமும் அதற்குள் அடக்கம். பூமி எங்கும் ஓடிவிடாது. அதன் கணக்கு இன்றும் நாளையும் ஒன்றே. எண்ணாகக் கையில் கிடைக்காத ஒன்றே ஒன்று காற்று.

இந்த ஊரைச் சுற்றி இருக்கும் பழைய ஆயுதங்களிலேயே காற்றின் நினைவு பதிந்திருக்கிறது. டம்டம் என்றால் உலகத்துக்கு உடலில் விரியும் தோட்டாவும், 1857 ஜனவரியில் அங்கிருந்து கிளம்பிய கொழுப்புத் தோட்டா வதந்தியும்தான் ஞாபகம். அந்த வதந்தியைக் கேட்ட சிப்பாய்கள் அங்கே வந்தது புதிய என்ஃபீல்டு ரைஃபிளில் பயிற்சி பெற. டம்டத்துக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையில் இச்சாபூர் தொழிற்சாலை பல்லாண்டு காலம் செய்த லீ என்ஃபீல்டு ரைஃபிளில், குழலின் சுருள் இடஞ்சுழி. அதனால் அதன் குண்டு இடது பக்கம் நகரும். பூமி வலது பக்கம் இழுப்பதற்கு அது கொஞ்சம் ஈடு. அந்த ரைஃபிளின் மூன்றாம் மாதிரியில் முதலில் காற்றுக்காகவே பின்சைட்டைப் பக்கவாட்டில் நகர்த்தும் திருகு இருந்தது. முதல் உலகப்போரின் அவசரத்தில், எளிமைப்படுத்தப்பட்ட மாதிரியில் அதை எடுத்துவிட்டார்கள். 1960களில் இச்சாபூர் 7.62 தோட்டாவுக்கு அதை மாற்றிச் செய்தது. பிறகு வந்த 2ஏ1 மாதிரியின் பின்சைட்டில் 2000 என்ற பழைய எண் போய் 800 வந்தது. எவ்வளவு தூரத்துக்கு அப்பால் சாதாரண வீரனின் காற்றுக் கணிப்பு நிற்காது என்பதற்கு அதைவிட நேர்மையான ஒப்புதலை நான் பார்த்ததில்லை.

ஆக, சுடுகிறவன் கையில் இருப்பது மூன்று வழி. சைட்டைக் கிளிக் கிளிக்காகத் திருப்புவது; திருப்பாமல் பார்வைக் குறியைக் காற்று வரும் பக்கம் கொஞ்சம் ஒதுக்கிப் பிடிப்பது; அல்லது காத்திருப்பது. முதல் இரண்டைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். 60 குண்டுக்கு 50 நிமிடம் தருகிறார்கள். அதில் பாதிக்கு மேல் மிச்சம் வைத்து எழுந்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தொடக்கத்திலேயே ஒரு காற்றைத் தேர்ந்துகொண்டு, கொடி இந்தக் கோணத்தில், இந்த ஆட்டத்தில் இருக்கும்போது மட்டும் சுடுவது என்று முடிவுகட்டி, அது போய்விட்டால் கன்னத்தை எடுத்துவிட்டுத் திரும்பி வரும்வரை படுத்துக் கிடப்பது, இதுதான் கடினம். பேருந்து வரும் என்று தெரிந்தும் ஆட்டோ ஏறிவிடுகிற சுபாவம் நமக்கு.

பையனுடைய அட்டையில் நடந்தது இதன் மறுபக்கம். காலையில் வீசிய காற்றில் சைட்டைச் சரிசெய்திருக்கிறான். பிறகு காற்று தணிந்தபோது குண்டுகள் கோட்டின் ஒரு முனைக்கும், ஏறியபோது மறு முனைக்கும் போயிருக்கின்றன. அவன் கொடியைப் பார்க்காமல் தன் கையையே சந்தேகித்துக்கொண்டு, இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறான். ஒன்பது துளையையும் பென்சிலால் இணைத்துக் காட்டினேன். கோட்டுக்குக் குறுக்காக அளந்தால் சிதறல் ஒரு புள்ளிகூட இல்லை. கை கல்லாக நின்றிருக்கிறது.

வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தான். நானும் விஷயம் முடிந்தது என்று அட்டையை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் விரல் நேர் கீழே தனியாகக் கிடந்த பத்தாவது துளையில் போய் நின்றது.

"அப்ப இது கோட்டுல வரலையே மாமா."

"வரலை."

படுத்துச் சுடும்போது மூச்சை இழுத்தால் தோள் எழும்பும், குழல் நுனி தாழும். நான் அதைச் சொல்லவில்லை. அவனுக்கே தெரியும்.

"இது காத்து இல்ல," என்றான். "இது நான்."